புதுக்கோட்டை நகரக் காவலுக்குத் தலைவர் யார்?

2024ஆம் ஆண்டு நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவற்றோடு புதுக்கோட்டையும் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகர்மன்றம் மாமன்றமானது, சுற்றியிருந்த ஊராட்சிகள் சில மாநகர எல்லைக்குள் வந்தன. காவல் துறையின் அமைப்பு மட்டும் இருந்தபடியே இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது மாநகராட்சிகள் 25. காவல் ஆணையரகம் இருப்பதோ சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர் ஆகிய 9 இடங்களில்தான். மாநகராட்சி வந்தாயிற்று, போலீஸ் கமிஷனர் எப்போது வருவார் என்ற கேள்வி இனி எழத்தான் செய்யும். அந்தக் கேள்வியில் ஒரு நியாயமான ஏக்கம் இருக்கிறது. நகரத்தின் பாதுகாப்புக்கென்று ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், தவறு நடந்தால் அவரைக் கேட்க முடிய வேண்டும் என்பதே அது. ஆனால் ஆணையரகம் அந்த ஏக்கத்தைத் தீர்க்காது. நகரக் காவலின் குறை பதவிப் பெயரில் இல்லை; நிலைய ஆய்வாளர் எத்தனை காலம் நிலைத்து இருக்கிறார், அவர் மீதான புகாரை யார் விசாரிக்கிறார்கள் என்ற இரண்டு இடங்களில் இருக்கிறது.

அமைப்பை முதலில் பார்ப்போம். புதுக்கோட்டை நகரத்துக்கென்று தனியாக ஒரு காவல் தலைவர் கிடையாது. நகரக் காவல் நிலையம், கணேஷ் நகர், திருக்கோகர்ணம், அனைத்து மகளிர் காவல் நிலையம், போக்குவரத்துக் காவல் எல்லாம் ஓர் உட்கோட்டத்தின் உறுப்புகள். அதற்குப் பொறுப்பு ஒரு டிஎஸ்பி. அவருக்கு மேலே மாவட்டத்தின் கூடுதல் கண்காணிப்பாளர்கள், எஸ்பி. எஸ்பிக்கு மேலே திருச்சி சரக டிஐஜி, மத்திய மண்டல ஐஜி, சென்னையில் டிஜிபி. எஸ்பியின் பொறுப்பில் இருப்பது 4,663 சதுர கிலோமீட்டர் மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அன்றைய நகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் சுமார் 1.17 லட்சம் பேர்தான். திருமயம் பக்கம் கல் குவாரிகள், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் மீனவர் பிரச்சினைகள், ஜனவரி பிறந்தால் தச்சங்குறிச்சியில் தொடங்கி மாதக்கணக்கில் நீளும் ஜல்லிக்கட்டுகள் என்று எஸ்பியின் கவனத்தைக் கோருபவை ஏராளம். ஆகவே நகரத்தில் ஒரு சாதாரணக் குடிமகனுக்கு நடைமுறையில் காவல் துறை என்றால் நிலைய ஆய்வாளர்தான். அந்த ஆய்வாளரை நியமிப்பதும் மாற்றுவதும் எஸ்பி கையில் இல்லை. காவலர் முதல் உதவி ஆய்வாளர் வரை எஸ்பி மாவட்டத்துக்குள் மாற்றலாம். ஆய்வாளர்களின் இடமாற்றம் டிஐஜி, ஐஜி மட்டத்தில் நடக்கிறது. எஸ்பியை மாற்றுவது உள்துறை. ஒவ்வொரு படியில் இருப்பவரின் எதிர்காலமும் மேல்படியில் முடிவாகிறது. யாருக்காக வேலை செய்கிறாரோ அந்த ஊருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இதன் விளைவை ஒரு மனுவின் பயணத்தில் பார்க்கலாம். வீட்டுமனைத் தகராறில் அடிபட்ட ஒருவர் நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாராவில் நிற்பவரைத் தாண்டி, வரவேற்பாளரிடம் விவரம் சொல்லி, கடைசியில் ரைட்டரின் மேசைக்கு வருகிறார். மனுவை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் என்ற மனு ஏற்பு ரசீது தருகிறார்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. ஆனால் நிலைய வாசலில் ‘எஃப்ஐஆர் போட்டாச்சா, சிஎஸ்ஆர் மட்டும்தானா?’ என்று மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இன்றும் ஓயவில்லை. ரசீதோடு நின்றுபோனால் அவர் எஸ்பி அலுவலகத்தின் வாராந்திர மனு நாளில் போய் நிற்கிறார். எஸ்பி பொறுமையாகக் கேட்கிறார்; மனுவின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார். அந்த மனு டிஎஸ்பி அலுவலகம் வழியாக இறங்கி, எந்த ஆய்வாளர் மீது குறை சொல்லப்பட்டதோ அதே ஆய்வாளரின் மேசைக்கு விசாரணைக்கு வந்து சேருகிறது. மனுதாரரை நிலையத்துக்குக் கூப்பிட்டு, ‘எஸ்பியிடமே போய்விட்டீர்களோ’ என்று கேட்பதற்கும் அங்கே ஆள் இருக்கிறது. எந்த அதிகாரியும் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்கிறார் என்று சொல்லவரவில்லை. மனு போவதற்கு வேறு பாதை அமைக்கப்படவில்லை என்பதுதான் விஷயம். எஸ்பிக்கும் நிலையத்துக்கும் நடுவே தனிப்பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் இருப்பவர், நிலையத்தில் நடப்பதை எஸ்பிக்கு நேரடியாகத் தெரிவிக்கும் ஏட்டு. அதுவும் மேலதிகாரிக்கான கண்தான். பொதுமக்களுக்கு அதில் வாசல் இல்லை.

இந்தக் கட்டமைப்பின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலும் காவலும் ஒரே கையில், அதாவது தாசில்தாரிடமும் அவருடைய சேவகர்களிடமும் இருந்தன. வரி கட்டாதவர்களும் சந்தேகத்துக்கு ஆளானவர்களும் சித்திரவதைக்கு உள்ளானார்கள். அதை விசாரித்த ஆணையம் 1855இல் தந்த அறிக்கை லண்டன் வரை அதிர்ச்சியை உண்டாக்கியது. வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்து, கண்காணிப்பாளர்களின் கீழ் சீருடைப் படையாக்கிய 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் அதன் பின்னே வந்தது. மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் நம் காவல் நிர்வாகம் இன்னும் அதன்மேல்தான் நிற்கிறது. தொண்டைமான்களின் தனி அரசாக இருந்த புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானபோது இந்த அமைப்புக்குள் வந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமான பின்பும் அதே அமைப்பு. சித்திரவதையைத் தடுக்கக் காவலைப் பிரித்தவர்கள், பிரித்த படையை மக்களுக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை. ஆளுகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்லும் படையே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்கள் போன பின்பும் அந்த அமைப்பை நாம் மாற்றவில்லை.

மாற்ற வேண்டும் என்று சொன்னவர்கள் குறைவில்லை. 1977இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் முதல், தமிழ்நாட்டில் அடுத்தடுத்து அமைக்கப்பட்டு 2022இல் நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் ஐந்தாவதாக வந்த ஆணையம் வரை பட்டியல் நீளம். இவற்றில் சட்டத்தின் வலுவோடு நிற்பது பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு உத்தரவுகள். மண்டல ஐஜி, சரக டிஐஜி, மாவட்ட எஸ்பி, காவல் நிலையப் பொறுப்பாளர் ஆகியோருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்றது ஓர் உத்தரவு. மாநிலத்திலும் மாவட்டங்களிலும் காவல் துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது இன்னொன்று. தமிழ்நாடு இதற்காக 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. இரண்டு ஆண்டுப் பணிக்காலம் அந்தச் சட்டத்திலும் இருக்கிறது. நிர்வாகக் காரணம் என்று சொல்லி முன்னதாகவே மாற்றிக்கொள்ளும் வழியும் கூடவே இருக்கிறது. புகார் ஆணையமும் இருக்கிறது. ஆனால் மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். உறுப்பினர்களில் ஒருவர் எஸ்பி. நீதிபதி அமர வேண்டிய நாற்காலியில் அரசு அதிகாரியை அமர்த்தியிருக்கிறது சட்டம்.

பணிக்காலம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஓர் ஆய்வாளர் புதுக்கோட்டை நகர நிலையத்துக்கு வந்து சேரும்போது அவருக்குத் தெரிந்திருப்பவை சட்டமும் நடைமுறையும். ஊர் தெரியாது. கீழ ராஜ வீதியில் எந்தக் கடைக்காரர்களுக்குள் பழைய பகை, எந்தக் குடியிருப்பில் கந்துவட்டி, திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவில் நெரிசல் எங்கே கூடும், பள்ளி விடும் நேரத்தில் பேருந்து நிலையத்தில் யார் நின்று தொல்லை கொடுக்கிறார்கள், எந்த வழக்கில் சாட்சி பின்வாங்கப் போகிறார் என்பதெல்லாம் ஓர் ஆண்டுச் சுற்றையாவது முழுதாகப் பார்த்தால்தான் பிடிபடும். அதற்குள் தேர்தல் வரும். தேர்தல் ஆணைய விதிப்படி ஒரு மாற்றம். ஒரு கலவரம் நடக்கும், ‘காத்திருப்போர் பட்டியல்’. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவருக்கு மனக்கசப்பு, வேறு நிலையம். புதிதாக வருபவர் யாரை நம்பி ஊரைத் தெரிந்துகொள்வார்? அதே நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் கீழ்நிலை ஊழியர்களையும், நிலைய வாசலில் எப்போதும் தென்படும் இடைத்தரகர்களையும்தான். தலைவர் மாறிக்கொண்டே இருக்கும் நிலையத்தில் மாறாதவர்களே உண்மையான தலைவர்களாகிவிடுகிறார்கள். தான் எப்போது மாற்றப்படுவோம் என்று தெரியாத ஆய்வாளர், கடினமான புலனாய்வைவிட மாற்றலைத் தவிர்க்கும் வழியைத்தான் முதலில் யோசிப்பார். அதை மனித இயல்பு என்று விட்டுவிட முடியாது; அமைப்பு அவரை அப்படி யோசிக்க வைக்கிறது.

இங்கே வரும் முதல் மறுப்பை இலேசாக ஒதுக்க முடியாது. இரண்டு ஆண்டு நிச்சயம் என்றால் ஆய்வாளர் ஊரில் வேரூன்றி, மணல், குவாரி, லாட்டரி ஆட்களோடு கைகோத்துக்கொள்வார். அடிக்கடி மாற்றுவதே அதற்குத் தடை என்பது அந்த வாதம். அடிக்கடி மாற்றம் நடக்கும் காலத்தில் அந்தக் கைகோப்பு ஒழிந்ததா என்று பார்த்தால் போதும். 2025 ஜனவரியில் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகள் பற்றிப் பல அலுவலகங்களுக்கும் மனு கொடுத்துவந்த சமூகச் செயற்பாட்டாளர் ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மனு கொடுத்தவருக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அவர் கொல்லப்பட்ட பின் வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. பணத்தின் வலை ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தை நம்பி இல்லை. யார் வந்தாலும் அவரை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரிது. மேலும் இரண்டு ஆண்டு என்பது குறைந்தபட்சக் காலம்தான். குற்றம் செய்தவரை நீக்க அது தடையல்ல. லஞ்சம், கடமை தவறல் போன்ற காரணத்தை எழுத்தில் பதிவு செய்து நீக்கலாம். எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கட்டாயத்தைத்தான் பலர் விரும்பவில்லை. நிலையான பணிக்காலத்தின் ஆபத்துக்கு எதிரான காப்பு, வெளியில் இருந்து கேள்வி கேட்கும் புகார் ஆணையம். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் மறுப்பாளர்களின் அச்சம் பலிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்சியர் தலைமையில் ஆணையம் இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அவர் காவல் துறையைச் சேராதவர்தானே? குண்டர் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவரைச் சிறையில் வைக்க மாவட்டத்தில் எஸ்பி பரிந்துரைக்கிறார், ஆட்சியர் உத்தரவிடுகிறார். திருவிழா, ஊர்வலம், மறியல், ஜல்லிக்கட்டு எதுவானாலும் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுக்க வேண்டியவர்கள். காலையில் எஸ்பியின் அறிக்கையை நம்பிக் கையெழுத்திட்ட ஆட்சியர், மாலையில் அந்த எஸ்பியையும் உறுப்பினராக வைத்துக்கொண்டு அவருடைய ஆய்வாளர் மீதான புகாரை விசாரிப்பது யாருக்கும் நியாயமான ஏற்பாடு அல்ல. அந்த ஆட்சியருக்கும் அல்ல. கேரளத்தில் 2011 காவல் சட்டப்படி மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியே தலைவர். அங்கே காவல் துறை முடங்கிவிடவில்லை. பொய்ப் புகார்கள் குவியும், போலீஸார் மனம் தளர்வார்கள் என்பது இன்னொரு மறுப்பு. உச்ச நீதிமன்றம் மாவட்ட ஆணையத்துக்குக் கொடுத்த வேலை எல்லா மனுவையும் விசாரிப்பதல்ல. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, மிரட்டிப் பணம் பறித்தல், நிலம் வீடு அபகரித்தல், அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவையே அதன் எல்லை. நேர்மையான காவலருக்கு இவற்றில் அஞ்ச ஒன்றுமில்லை. பொய்க் குற்றச்சாட்டிலிருந்து விடுபட அவருக்கும் நம்பத்தக்க ஓர் இடம் கிடைக்கும்.

ஆணையரகம் இந்த இரண்டையும் தராது என்பதோடு, இருக்கும் ஒரு பாதுகாப்பையும் எடுத்துவிடும். ஆணையரகம் உள்ள நகரங்களில் குண்டர் சட்ட உத்தரவைக் காவல் ஆணையரே பிறப்பிக்கிறார். பரிந்துரைப்பதும் உத்தரவிடுவதும் ஒரே துறை. நன்னடத்தைப் பிணை வாங்கும் நிர்வாகத் துறை நடுவர் அதிகாரமும் துணை ஆணையர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது; அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. மாவட்டத்தில் கோட்டாட்சியர், ஆட்சியர் என்று வேறொரு துறையின் கையெழுத்து தேவைப்படுவது தாமதம்தான். ஆனால் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் விஷயத்தில் அந்தத் தாமதம் நல்லது. புதுக்கோட்டை அளவுள்ள நகரத்துக்கு ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் என்று மேலே மேலே பதவிகள் கூடினால், தெருவில் நிற்கும் காவலர் எண்ணிக்கை அதே விகிதத்தில் கூடும் என்பதற்கும் உறுதி இல்லை.

அப்படியானால் காவலை மாமன்றத்தின் பொறுப்பில் விட்டால் என்ன? அமெரிக்கச் சிறுநகரங்களில் காவல் தலைவரை நியமிப்பது மேயரோ நகர மன்றமோதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல் பகுதிகளுக்கு 2012 முதல் மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர்கள் வந்தார்கள். நம் அரசமைப்பில் காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. நகராட்சிகளுக்கு 12ஆவது அட்டவணை தரும் 18 பணிகளில் அது இல்லை. சட்டத்தை மாற்றலாம்தான். ஆனால் இந்த மாவட்டத்தின் அனுபவம் அதற்கு எதிராகப் பேசுகிறது. 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. மறுநாளே அங்கு சென்ற ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்பி வந்திதா பாண்டேவும் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்களை அழைத்துச் சென்றார்கள். இரட்டைக் குவளை குறித்தும் வழக்கு பதிவானது. உள்ளூர் ஓட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டிய ஒருவரிடம் காவல் இருந்திருந்தால் அந்த மறுநாள் அப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகம். உள்ளூர் ஆதிக்கத்திலிருந்து காவலுக்கு ஓர் இடைவெளி வேண்டும்.

அதே வேங்கைவயல் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. வெள்ளனூர் காவல் நிலையத்தில் தொடங்கிய வழக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் சிபிசிஐடிக்குப் போனது. புலனாய்வின் மீதான அதிருப்தியால் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்க வேண்டிவந்தது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றம்சாட்டியது. அவர்களில் ஒருவர் காவலர். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. உண்மை எது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் புலனாய்வு தொடங்கிய முதல் மாதத்திலேயே, விசாரணையில் தங்களை நடத்திய விதம் பற்றி அந்த மக்கள் போய்ச் சொல்ல, புதுக்கோட்டையிலேயே ஒரு நீதிபதி அமர்ந்த அலுவலகம் இருந்திருக்க வேண்டாமா? சென்னைக்கும் மதுரைக்கும் வழக்கறிஞர் வைத்து அலைய முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைப்பதாக அது இருக்கலாமா? பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், திருப்புவனம் அருகே 2025 ஜூனில் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படையின் விசாரணையில் இறந்தார். நிலைய ஆய்வாளரின் பொறுப்புக்கு வெளியே இயங்கிய படை அது. ஊரே கொந்தளித்த பிறகு கைதுகள், பணியிடை நீக்கம், எஸ்பிக்குக் கட்டாயக் காத்திருப்பு, சிபிஐ விசாரணை. நம் நிர்வாகத்திடம் இருப்பவை இரண்டே மருந்துகள்: அதிகாரியை மாற்றுவது, வழக்கை மாற்றுவது. இரண்டும் உயிர் போன பிறகு தரப்படுபவை.

காவலர்களின் நிலையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வாதம் முழுமையாகாது. காலை ரோல் காலில் யாருக்கு நீதிமன்றப் பணி, யாருக்குத் தபால், யாருக்குச் சம்மன், யார் வெளியூர் பந்தோபஸ்து என்று ரைட்டர் வாசிக்கும்போது, ரோந்துக்கும் புலனாய்வுக்கும் மிச்சமிருப்பவர்கள் எத்தனை பேர் என்பது எந்த நிலையத்திலும் தெரியும். வார விடுப்பு தருவதாக 2021இல் அரசாணை வந்தது. பந்தோபஸ்து நாள்களில் முதலில் பறிபோவது அதுதான். வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை 1979இலேயே ரத்தானது. 2022இல் உயர் நீதிமன்றம் அதை மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. மேலே அஞ்சியும் கீழே அதட்டியும் வாழப் பழக்கப்பட்ட ஒருவர் மனு கொடுக்க வந்தவரிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நடக்காது. நிலையான பணிக்காலம் உள்ள ஆய்வாளரால்தான் விடுப்புப் பட்டியலையாவது ஒழுங்காகப் போட முடியும்.

தேவைப்படும் சட்டத் திருத்தம் சிறியது. 2013 சட்டத்தில் மாவட்ட ஆணையத்தின் தலைமையை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிக்கு மாற்ற வேண்டும். எஸ்பியின் உறுப்பினர் பதவியை நீக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மாற்றினால் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். ஆணையத்தின் அலுவலகம் ஆட்சியரகத்திலோ எஸ்பி அலுவலகத்திலோ இருக்கக் கூடாது. கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி ஆகிய ஆறு தொகுதிகளின் உறுப்பினர்கள் சட்டப்பேரவையில் இருக்கிறார்கள். காவல் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் புதிய நிலையக் கட்டடமும் புதிய வாகனமும் கேட்பதோடு, இரண்டு கேள்விகளுக்கு அவர்கள் பதில் வாங்கித் தர வேண்டும். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை ஆய்வாளர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரும் எத்தனை மாதம் இருந்தார்கள்? 2013 சட்டப்படி அமைந்த மாவட்டப் புகார் ஆணையம் எத்தனை முறை கூடி, எத்தனை புகார்களில் என்ன முடிவெடுத்தது?